தேநீர்க் கோப்பைக்குள் பதினைந்து குதிரைகள்

திருகோணமலை பெரியவற்றின் ஊர். கடலுக்கு மேலே செங்குத்தாக எழுந்து நிற்கும் மலை பெரிது. அம்மலையிற் கோயில் கொண்ட கோணேசப் பெருமானின் புகழ் பெரிது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கடலோடும் வல்லரசுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து மோதிய நமது துறைமுகம், உலகின் இயற்கைத் துறைமுகங்களுள் மிகப் பெரியவற்றில் ஒன்று. சீனக்குடாவில், காட்டினிடையே, 1930களில் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99 இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கனமீற்றர் கொள்ளும். பெருமையைப் பருமனால் அளந்து பழகிய கண்கள் நம்முடையவை.

இத்தகைய ஊரில் இருந்துகொண்டு, மிகச் சிறியதொரு பொருளைப் பற்றி எழுதப் புகுகின்றேன். அதன் உட்கனவளவு, நமது தேநீர்க் கடையிற் பரிமாறப்படும் ஒரு கோப்பைத் தேநீரின் அளவு. சீனக்குடாவின் ஒரேயொரு குதத்தை அதனால் அளந்து வெறுமையாக்க முனைந்தால், எட்டுக் கோடி முறை மொண்டெடுக்க வேண்டும். அந்தக் கோப்பைக்குள்ளிருந்து பதினைந்து குதிரைகளின் வலு புறப்படுகிறது என்று சொன்னால், பழைய காலத்துப் பாட்டிமார் மாயாசாலக் கதை என்றே எண்ணுவர். ஆனால் உட்துறைமுக வீதியில் மாலை ஐந்து மணிக்கு நின்று பார்ப்பவர்கள், அந்தக் குதிரைகள் வரிசையாக விரைந்து போவதைக் காணலாம். நூற்றைம்பது, நூற்றறுபது சீ.சீ. கொண்ட விளையாட்டு மோட்டார் சைக்கிள்களையே சொல்கிறேன்.

உயர்தர வகுப்பு மாணவருக்குப் பௌதிகவியல் கற்பித்து வருபவன் நான். என் மாணவரில் பலர் நியூற்றனின் விதிகளை மறந்தாலும், இந்த வண்டிகளின் பெயர்களையும் அளவுகளையும் மறப்பதில்லை. பல்சர், எவ்.சீ., அப்பாச்சி என்று அவர்கள் உச்சரிக்கும்போது, பழைய தலைமுறையார் நடிகர்களின் பெயரைச் சொன்ன அதே குழைவு தெரிகிறது. இவற்றுள் அப்பாச்சி, தமிழ் மண்ணாகிய ஓசூரில் உருவானது. அது எவ்வாறு வளர்ந்தது, அதன் முன்னோர் யார், நம் பிள்ளைகளின் வாழ்வில் அதற்கு என்ன இடம் என்பவற்றை எண்ணிப் பார்ப்பது வீண்வேலையாகாது.

சிறியது வலிமை பெறும் வழி

எஞ்சின் என்பது, சாராம்சத்தில், காற்றைத் தின்னும் ஒரு பிராணி. உள்ளே இழுத்த காற்றோடு பெற்றோலைக் கலந்து எரித்து, அந்த வெப்பத்தின் விரிவினால் ஓர் உருளைக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. எங்கள் பாடநூல் இந்தப் பிஸ்டனை 'முசலம்' என்று அழைக்கிறது. முசலம் என்றால் உலக்கை. உரலும் உலக்கையும் அறிந்த இனத்துக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறு கிடையாது. ஆனால் இந்த உலக்கை நெல் குற்றும் உலக்கையைப்போல் ஆறுதலாக ஏறி இறங்குவதன்று. அதன் வேகத்திலேதான் சிறிய எஞ்சினின் இரகசியம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

வலுவைப் பெருக்க வழிகள் மூன்று. உருளையைப் பெரிதாக்கலாம், அப்போது ஒவ்வொரு வெடிப்பும் பெரிதாகும். ஒவ்வொரு வெடிப்பிலும் காற்றை இன்னும் நெருக்கி அடைத்து, இன்னும் செவ்வையாக எரிக்கலாம். அல்லது, ஒரு நிமிடத்தில் நிகழும் வெடிப்புகளின் தொகையைக் கூட்டலாம். பருமன் சட்டத்தினாலோ விலையினாலோ வரையறுக்கப்பட்டுவிட்டால், முதல் வழி அடைபட்டுப்போம். எஞ்சியிருப்பவை இரண்டு: செவ்வையாக எரிப்பதும், விரைவாக எரிப்பதும். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்ற நமது முதுமொழிக்கு எஞ்சினியர்கள் கண்ட விளக்கம் இதுவே.

நிமிடத்துக்கு 8,500 சுற்றுச் சுழலும் ஒரு நான்கடிப்பு எஞ்சினை எடுத்துக்கொள்வோம். இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்பு என்பதால், ஒரு விநாடிக்குள் எழுபது வெடிப்புகளுக்கு மேல் நிகழ்கின்றன. அந்த விநாடிக்குள் முசலம் இருநூற்றெண்பது முறைக்கு மேல் ஏறியும் இறங்கியும் விடுகிறது. ஒவ்வொரு முறையும் உச்சியில் ஒரு கணம் முற்றாக நின்று, பின் திரும்புகிறது. நாம் ஒருமுறை கண்ணிமைக்கும் நேரத்துக்குள், இந்தச் சிற்றுலக்கை தன் கடமையைப் பல பத்து முறை செய்து முடித்துவிடுகிறது.

குழாயின் பரிவு

இந்தக் கலையை உலகுக்குக் கற்பித்தவர்கள், பெரிய எஞ்சின் செய்ய வசதியில்லாதவர்களே என்பது சரித்திரத்தின் விசித்திரம்.

இரண்டாம் உலகப் போரின் பின் இரண்டாகப் பிளவுண்ட ஜேர்மனியில், கிழக்குப் பாதியில் சொப்பௌ என்றொரு சிறு நகரம். அங்கே எம்.சீ. என்ற மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுக்கு வால்ற்றர் காடன் என்பவர் பொறுப்பாக இருந்தார். போர்க்காலத்தில் பேனமுண்டே ஆயுத ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றியவர் அவர். பணமும் பொருளும் தட்டுப்பட்ட அந்நாட்டில், அவர் கையில் எடுத்தது இரண்டடிப்பு எஞ்சின். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடிப்புத் தருவது, வால்வுகள் அற்றது, எளிமையானது. ஆனால் அதற்கொரு பெருங்குறை உண்டு. எரிந்த புகை வெளியேறும் வாயிலும் புதிய கலவை நுழையும் வாயிலும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் திறந்திருப்பதால், வந்த விருந்தாளி உண்ணாமலே மறுவாசலால் வெளியேறுவதுபோல, எரியாத பெற்றோலில் ஒரு பங்கு புகைக்குழாய் வழியே ஓடிவிடும்.

காடன் இதற்குக் கண்ட பரிகாரம் சங்கீதக்காரனுக்கு உரியது. புகைக்குழாயை ஒரு வாத்தியமாகவே அவர் கருதினார். குழாய் முதலில் விரிந்து, நடுவில் வயிறு பருத்து, பின் ஒடுங்குமாறு அதை அமைத்தார். எரிந்த வாயுவோடு புறப்படும் அமுக்க அலை, விரியும் இடத்தில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி வந்து உருளையைத் துப்புரவாக்குகிறது. ஒடுங்கும் இடத்தில் மோதிய அலையோ, தள்ளும் அலையாகத் திரும்பி, ஓடிப்போக முயன்ற புதிய கலவையை வாயிலிலேயே மறித்து உள்ளே தள்ளிவிடுகிறது. குழாயின் நீளமும் எஞ்சினின் சுழற்சியும் ஒத்துப்போகும்போது மாத்திரமே இது நிகழும். இந்த ஒத்துப்போதலுக்கு எங்கள் பாடநூல் தரும் பெயர் 'பரிவு'. இரக்கத்துக்கும் அதுவே சொல். ஒன்று அதிரும்போது மற்றொன்றும் உடன் அதிர்தல் என்ற பொருளில், அன்புக்கும் அலைக்கும் ஒரே பெயரிட்டவர்களின் மொழி நுட்பத்தை நான் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் வியந்து சொல்வதுண்டு.

1961ஆம் ஆண்டளவில் காடனின் 125 சீ.சீ. எஞ்சின் 25 குதிரைவலு தந்தது. அதாவது, ஒரு லீற்றர் கனவளவுக்கு 200 குதிரைவலு. மிகையேற்றி எதுவுமின்றி, வெளிக்காற்றையே மூச்சாக இழுக்கும் எஞ்சின்களில் அந்த எல்லையை முதலில் எட்டியது அதுவே. அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் பேர்லின் நகரில் மதில் எழுந்தது. அடுத்த மாதம், சுவீடன் நாட்டுப் பந்தயத்துக்கு வந்திருந்த அணியின் தலைசிறந்த ஓட்டுநர் ஏர்ண்ஸ்ட் டெக்னர், நாடு திரும்பாமல் மேற்கு நோக்கிச் சென்றுவிட்டார். சென்றவர் காடனின் நுட்பங்களையும் உடன்கொண்டு, ஜப்பானின் சுசூக்கி நிறுவனத்திற் சேர்ந்தார். 1962ஆம் ஆண்டில், 50 சீ.சீ. வகுப்பில், சுசூக்கி வண்டியேறி அவர் உலக வெற்றி வீரரானார். இரண்டடிப்பு எஞ்சின் உலகப் பட்டம் வென்றது அதுவே முதல் தடவை. ஓர் எஞ்சினியரின் ஆயுட்கால உழைப்பு ஓரிரவில் எல்லை கடந்த இச்சம்பவத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இரு மனம். சுதந்திரம் தேடியவரைக் குறை சொல்ல மனம் துணியவில்லை. பின்தங்கிப்போன காடனை நினைந்து இரங்காமலும் இருக்க முடியவில்லை.

ஹொண்டா நிறுவனம் மறுவழியைத் தெரிந்தெடுத்தது. 1959ஆம் ஆண்டு மான் தீவுப் பந்தயத்துக்கு 125 சீ.சீ. நான்கடிப்பு வண்டிகளோடு முதன்முறை வந்த ஜப்பானியர், ஆறாம் இடத்தையும் குழுவுக்குரிய பரிசையும் பெற்றுத் திரும்பினர். இரண்டே ஆண்டுகளில், 1961இல், 125, 250 ஆகிய இரு வகுப்புகளின் உலகப் பட்டங்களும் அவர்கள் வசமாயின. சிறிய உருளையை மேலும் சிறியனவாகப் பிரிப்பதே அவர்கள் உத்தி. உலக்கை இலேசானால் இன்னும் விரைவாகக் குற்றலாம் அல்லவா? 250 சீ.சீ.யை ஆறு உருளைகளாகப் பிரித்து, நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை ஓட்டினார்கள். 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் மைக் ஹெயில்வூட் பட்டம் வென்றது அவ்வண்டியில். ஐம்பது சீ.சீ. எஞ்சினையே இரண்டாகப் பிளந்து இருபதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழற்றினார்கள். சுசூக்கிக்காரர் தங்கள் ஐம்பது சீ.சீ. வண்டிக்குப் பதினான்கு கியர்கள் வைத்தார்கள். போட்டி இவ்வாறு கட்டுமீறிப் போனபோது, உலக மோட்டார் சைக்கிள் சம்மேளனம் குறுக்கிட்டு, 1969 முதல் ஐம்பது சீ.சீ.க்கு ஓர் உருளையும் ஆறு கியரும் போதும் என்று வரம்பு கட்டியது. கலை எங்கே முடிகிறது, களியாட்டம் எங்கே தொடங்குகிறது என்று யாரேனும் ஒருவர் கோடு கீறத்தான் வேண்டியிருக்கிறது.

ஓசூரில் ஒரு பரம்பரை

இனித் தமிழகத்துக்கு வருவோம். 1911ஆம் ஆண்டில் மதுரையில் பஸ் சேவை தொடங்கிய டி. வி. சுந்தரம் ஐயங்காரின் வழிவந்தோர், 1980ஆம் ஆண்டில் ஓசூரில் டீ.வீ.எஸ். 50 என்னும் சிறுவண்டியைச் செய்து வெளியிட்டனர். பால்காரரும் மீன்காரரும் பள்ளிக்கூட வாத்தியாரும் ஏறிய எளிய வண்டி அது. 1982இல் சுசூக்கியோடு ஒப்பந்தம் ஆயிற்று. 1984இல், இரண்டடிப்பு எஞ்சின் பூண்ட நூறு சீ.சீ. மோட்டார் சைக்கிள் ஓசூரிலிருந்து புறப்பட்டது. சொப்பௌவில் பிறந்து, எல்லை கடந்து, ஜப்பானிற் பெயர்பெற்ற இரண்டடிப்புக் கலையின் வாரிசு நிறுவனமொன்று, இவ்வாறாகத் தமிழ்நாட்டில் அடியெடுத்து வைத்தது.

பந்தயமும் அங்கே புதிதன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுபாதையொன்றில் பல தசாப்தங்கள் மோட்டார்ப் பந்தயங்கள் நடைபெற்றன. இலங்கையில் களுத்துறைக்கு அண்மையில் உள்ள கட்டுக்குருந்தையிலும், இங்கிலாந்தின் சில்வர்ஸ்ரோனிலும் நிகழ்ந்தது அதுவே. போர் விமானங்களுக்காக இட்ட பாதைகள், சமாதான காலத்தில் இளைஞரின் விளையாட்டுத் திடல்களாயின. நமது சீனக்குடாவின் ஓடுபாதைக்கு அந்த மாற்றம் வாய்க்கவில்லை. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்களின் தாக்குதலைக் கண்ட அப்பாதை, இன்றும் படைத்துறையின் கையிலேயே இருக்கின்றது.

புகையும் எரிபொருள் விரயமும் இரண்டடிப்பு எஞ்சினின் நாட்களை எண்ணிவிட்டன. புகைச் சட்டங்கள் இறுகியபோது, வலுவும் வேண்டும், வாயுவும் தூயதாக வேண்டும் என்ற நிலை வந்தது. 2001ஆம் ஆண்டில் சுசூக்கியும் டீ.வீ.எஸ். நிறுவனமும் பிரிந்தன. பிரிந்தபின் தன் காலில் நிற்க முடியுமா என்ற கேள்விக்கு, அதே ஆண்டில் தாமே வடிவமைத்த விக்ரர் என்னும் நான்கடிப்பு வண்டியால் ஓசூர்க்காரர் விடையளித்தனர். 2006இல் அப்பாச்சி வந்தது.

அதன் வளர்ச்சியை எண்களிற் காண்பது கணித விருப்பினருக்குச் சுவை தரும். முதல் அப்பாச்சியின் உருளை விட்டம் 57 மில்லிமீற்றர். முசலம் ஏறியிறங்கும் தூரம் 57.8 மில்லிமீற்றர். கனவளவு 147.5 சீ.சீ. அகலமும் உயரமும் ஏறத்தாழச் சமமான, அடக்கமான அமைப்பு. மறு ஆண்டு, ஆர்.டீ.ஆர். 160 வெளிவந்தபோது, விட்டத்தை 62ஆக விரித்து, ஏறியிறங்கும் தூரத்தை 52.9ஆகக் குறுக்கியிருந்தார்கள். கனவளவில் கூடியது பன்னிரண்டு சீ.சீ. மாத்திரமே, ஆனால் சுபாவம் மாறிவிட்டது. 8,500 சுற்றில், பழைய அளவுப்படி முசலத்தின் சராசரிக் கதி விநாடிக்கு 16.4 மீற்றர் ஆகியிருக்கும். புதிய அளவில் அது 15 மீற்றர். உலோகத்துக்கு நோவு குறைவு. ஆகவே கூடிய சுழற்சியைத் தாங்கும். அகன்ற தலையில் வால்வுகளுக்கு இடம் அதிகம். ஆகவே மூச்சும் தாராளம். இவ்வாறு பிறந்தவையே தலைப்பிற் சொன்ன பதினைந்து குதிரைகள்.

அதன் பின்னர் ஒவ்வொரு படியாக ஏறினார்கள். 2008இல் காபரேற்றரை அகற்றி, பெற்றோலை அளந்து தெளிக்கும் மின்னணு ஏற்பாட்டைப் பொருத்திய வகை ஒன்று வந்தது. 2009இல் ஆர்.டீ.ஆர். 180. அதில் விட்டம் அகன்றிருக்க, பழைய 57.8 மில்லிமீற்றர் தூரம் மீண்டும் வந்து சேர்ந்தது. 2011இல் சக்கரம் பூட்டிக்கொள்ளாமற் காக்கும் ஏ.பீ.எஸ். தடுப்பு அவ்வண்டிக்குக் கிடைத்தது. இந்திய நிறுவனங்களின் இருசக்கர வண்டிகளில் அதுவே முதலாவது. 2016இல் வந்த 200 சீ.சீ. எஞ்சினில் நான்கு வால்வுகளும் எண்ணெய்க் குளிர்த்தலும் இருந்தன. ஆயினும், விட்டம் 66ஆக விரிந்த அதிலும் 2006ஆம் ஆண்டின் அதே 57.8 ஓடிக்கொண்டிருந்தது. பேரனின் முகத்தில் பாட்டனின் மூக்கைக் கண்டதுபோல் அந்த எண்ணைக் கண்டு நான் மகிழ்ந்தேன். ஜேர்மனியின் பீ.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு 2013இல் செய்துகொண்ட உடன்படிக்கையின் பயனாக, 2017 டிசம்பரில் ஆர்.ஆர். 310 வந்தது. அதில் உருளையின் தலையைத் திருப்பிவைத்து, காற்று முன்புறத்தால் நுழையவும் புகை பின்புறத்தால் வெளியேறவும் செய்திருந்தார்கள். மொபெட் செய்த கைகள் முப்பத்தேழு ஆண்டுகளில் அடைந்த தூரம் இது.

நான்கு லீற்றர்

இவையெல்லாம் ஓசூரின் கதை. திருகோணமலைக்கு இதில் என்ன?

நமது மாவட்டம் நீரால் துண்டாடப்பட்ட மாவட்டம். கிண்ணியாவுக்குப் போக நெடுங்காலம் பாதைப்படகை நம்பியிருந்தோம். 2009இல் ஏறத்தாழ 400 மீற்றர் நீளப் பாலம் திறக்கப்பட்டபின், மூதூர்ப் பக்கமும் பட்டணமும் கிட்ட வந்தன. போர் ஓய்ந்து சோதனைச் சாவடிகள் குறைந்த அதே காலத்தில், இந்தச் சிறிய விளையாட்டு வண்டிகளும் கடனுக்குக் கிடைக்கலாயின. இருபது வருடம் ஒடுங்கியிருந்த ஒரு தலைமுறைக்கு, தடுத்து நிறுத்த ஆளில்லாத வீதியில் தன்னிச்சையாகப் போவது என்பதே ஒரு பெருவிழாவாக இருந்தது. அந்த மகிழ்ச்சியின் வேரை அறியாதவர்கள் நம் பிள்ளைகளின் வேகத்தை வெறும் திமிர் என்று சொல்லிவிடுகிறார்கள்.

பின்னர் 2022 வந்தது. நாட்டில் அந்நியச் செலாவணி வற்றி, பெற்றோல் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசைகள் நீண்டன. ஆடி, ஆவணியளவில் கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது, ஒரு மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று அளந்தார்கள். ஒரு கோடி லீற்றருக்கு மேல் கொள்ளும் குதங்கள் காட்டினிடையே அணிவகுத்து நிற்க, அவற்றின் நிழல் விழும் ஊரில் நாங்கள் நான்கு லீற்றருக்காக நின்றோம்.

வரிசையில் எனக்கு முன்னே என் பழைய மாணவன் ஒருவன், தனது நூற்றறுபது சீ.சீ. வண்டியைக் கையால் உருட்டிக்கொண்டு நின்றான். நிலாவெளிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் ஆசிரியனாகச் சேர்ந்திருந்தான். "சேர், ஒரு நாளைக்குப் போக வர முப்பது கிலோமீற்றர். அஞ்சு நாளும் நூற்றைம்பது. லீற்றருக்கு நாற்பது ஓடினா, நாலு லீற்றருக்கு நூற்றறுபது. பத்துக் கிலோமீற்றர் மிச்சம்" என்றான். முன்னொரு நாள் உச்சக் கதியைத் தவிர வேறொன்றையும் பேசாதவன், அன்று மிச்சத்தைக் கணக்கிட்டான். நான் அவனுக்குச் சொன்னேன்: "தம்பி, பந்தயக்காரன் தேடியதும் இதைத்தான். ஒரு துளியும் எரியாமல் ஓடிவிடக்கூடாது என்றுதான் காடன் குழாயை வளைத்தார். உன் வண்டி பெற்றோலை அளந்து தெளிப்பதும் அந்தத் தேடலின் தொடர்ச்சியே. வேகத்துக்காகக் கற்ற சிக்கனம் இன்று உனக்குச் சம்பளத்தைக் காப்பாற்றித் தருகிறது."

அதற்கும் முன்னரே, 2020 மார்ச்சில், வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. அந்தத் தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. ஐந்து வருடம் புதிய வண்டி வராத நாட்டில், பழையவற்றுக்கு உயிர் கொடுத்தவர்கள் எங்கள் கராஜ்காரர்கள். அனுராதபுரச் சந்திக்கு அப்பால் உள்ள ஒரு கராஜில், ஒரு மாணவனோடு நின்று சில மாலைப் பொழுதுகளைக் கழித்திருக்கிறேன். மாணவன் தன் வண்டியின் புகைக்குழாயைக் கழற்றிவிட்டு, இடிபோல் முழங்கும் வேறொன்றைப் பூட்டித் தருமாறு கேட்டான். முதிய மெக்கானிக் சிரித்தார்.

"சத்தம் கூடினா வலு கூடும் எண்டு யார் தம்பி சொன்னது? இந்தக் குழாயும் எஞ்சினும் ஒரே கணக்கில செஞ்சது. ஒண்டை மாத்தினா மற்றதுக்கு மூச்சு முட்டும்."

"நானா, எல்லாரும் மாத்துறாங்க."

"எல்லாரும் மாத்தினது எல்லாம் திரும்ப என்னட்டத்தான் வருது."

பரிவு என்ற சொல்லை அந்தப் பெரியவர் கேள்விப்பட்டதில்லை. ஆனால் அதன் பொருளை அவர் விரல்நுனியில் வைத்திருந்தார். பரிவின் வரைவிலக்கணத்தைப் பரீட்சைத் தாளில் பிழையின்றி எழுதிய என் மாணவனுக்கோ, அது தன் காலடியில் ஓடும் குழாய்க்குள் இருப்பது தெரிந்திருக்கவில்லை. நமது கல்வியின் பெருந்துயரம் இந்த இரண்டு பேருக்கும் இடையே உள்ள நான்கடி தூரத்தில் கிடக்கிறது என்று எனக்குப் பட்டது. 'முசலம்' என்று எழுதுபவன் பிஸ்டனைத் தொட்டதில்லை. பிஸ்டனைத் தொட்டவனிடம் முசலத்தைப் பற்றிக் கேட்பார் எவருமில்லை.

வேகத்தின் வர்க்கம்

இந்த இடைவெளி வெறும் படிப்பு விஷயமாக இருந்தால் நான் இத்தனை வருந்த மாட்டேன். அது உயிர் விஷயம்.

எங்கள் பட்டணத்தில் மான்கள் தெருவில் உலாவும். பிரட்றிக் கோட்டைக்குள் மேயும் புள்ளிமான்கள் அந்தி மங்கியபின் வீதிக்கு வருவதைச் சுற்றுலா வந்தோர் படமெடுத்து மகிழ்வர். நிலாவெளி வீதியிலோ மாடுகள். ஓரிரவு அத்தகைய வீதியொன்றில் ஒரு மாட்டின் குறுக்கே போனான் என் வகுப்பு மாணவன் ஒருவன். பதினெட்டு வயது. மறுநாட்காலை வகுப்பில் அன்றைய பாடம் இயக்கசக்தி. பலகையில் எழுதவேண்டிய சமன்பாட்டை எழுதினேன். வேகத்தின் மேலே நின்ற அந்தச் சிறிய '2' என்ற இலக்கத்தை எவரும் அன்றைக்குப் போல் உற்றுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கணக்கு எளிது. மணிக்கு 40 கிலோமீற்றரில் வருபவன், ஆபத்தைக் கண்டு கை தடுப்பை அழுத்தும்வரை ஒரு விநாடி செல்லும் என்று கொள்வோம். அந்த விநாடியில் 11 மீற்றர். பின்னர் நல்ல வீதியில் நல்ல தடுப்போடு நிற்க ஏறத்தாழ 9 மீற்றர். ஆக 20 மீற்றர். வேகத்தை 80 ஆக்கினால், விநாடிக்கு 22 மீற்றரும், நிற்பதற்கு 35 மீற்றரும் வேண்டும். ஆக 57 மீற்றர். வேகம் இரு மடங்கு. நிற்கும் தூரமோ ஏறக்குறைய மும்மடங்கு. மோதும் சக்தி நான்கு மடங்கு. வண்டியின் முன்விளக்கு காட்டும் தூரத்துக்கு அப்பால் நிற்கும் மானுக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஓட்டுபவனுக்கு மாத்திரமே அது தெரிந்திருக்க முடியும்.

பதினைந்து குதிரைகளைப் பூட்டுவதற்கு ஓசூரில் எத்தனையோ பேர் மூளையைக் கசக்கினார்கள். அவற்றைக் கடிவாளம் பிடித்து நிறுத்துவதற்கும் அதே அளவு உழைத்தார்கள் என்பதற்கு 2011ஆம் ஆண்டின் தடுப்பு ஒரு சான்று. நூற்றிருபத்தைந்து சீ.சீ.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கெல்லாம் அதை இந்தியா சட்டமாக்கியது பின்னரே, 2018, 2019 ஆகிய ஆண்டுகளில். பந்தயப் பாதையிற் பழகியவன் முதலிற் கற்பது எங்கே தடுப்பை அழுத்துவது என்பதையே. நம் வீதியிற் பழகுபவன் அதை இறுதியிற் கற்கிறான். சிலருக்கு அந்த இறுதிப் பாடம் ஒருமுறைதான் நடக்கிறது.

ஆகவே என் விண்ணப்பம் ஆசிரிய அன்பர்களுக்கே. வண்டியைத் தூற்றுவதால் பயனில்லை. நம் பிள்ளைகள் அதை நேசிக்கிறார்கள். நேசிக்கத் தக்க பொருள்தான் அது. ஒரு கோப்பைக் கனவளவுக்குள் மனித புத்தி எவ்வளவு தூரம் புகுந்து பார்த்திருக்கிறது என்பதை அவர்களுக்குக் காட்டுவோம். பாடசாலை ஆய்வுகூடத்தின் மேசைமேல் பழுதுபட்ட எஞ்சினொன்றைப் பிரித்து வைப்போம். கராஜ்ப் பெரியவரை ஒரு நாள் வகுப்பறைக்கு அழைத்து, மாணவர் முன் கதிரை போட்டு அமர்த்துவோம். அவர் 'மூச்சு' என்று சொல்வதை நாம் 'அமுக்கம்' என்று சொல்லிக் கொடுக்கலாம்; நாம் 'அமர்முடுகல்' என்று சொல்வதை அவர் 'பிறேக் பிடிக்கிற இடம்' என்று சொல்லிக் கொடுக்கட்டும். வேகத்தின் மேலே நிற்கும் அந்தச் சிறிய இரண்டைக் கையால் உணர்ந்த பிள்ளை, இருட்டிய வீதியில் கைப்பிடியைத் தானே தளர்த்துவான்.